புதன்கிழமை எண்ணிய தெரு

உங்கள் வீட்டு வாசலில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டிகள் போகின்றன? சொல்லுங்கள் பார்க்கலாம்.

தெரியாது, இல்லையா? கவலை வேண்டாம். உங்களைக் கேட்காமலே யாரோ ஒருவர் எண்ணி வைத்திருப்பார். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு இன்னொருவர் உங்கள் தெருவின் தலையெழுத்தை எழுதிக்கொண்டிருப்பார். தலையெழுத்து என்று ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது இப்படித்தான் எழுதப்படுகிறது. எழுதுகிறவர் மாதச் சம்பளக்காரர். மாலை ஐந்து மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்.

அரெத்தூசா தெருவின் வண்டிகளை எண்ணியவள் பெயர் ஸ்தமாத்தியா.

அவர்கள் மொழியில் அந்தப் பெயருக்கு 'நிறுத்து' என்று பொருள். புகையிலைக் கிடங்கில் மூட்டை தூக்கிய அவளுடைய அப்பாவுக்கு முதல் மூன்றும் பெண்கள். நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததும், இந்தப் பெயரை வைத்தால் பெண் பிறப்பது நின்றுவிடும் என்று பாதிரியார் சொன்னார். போதும்பொண்ணு ரகம். அடுத்த ஆண்டு ஐந்தாவதும் பெண்ணே பிறந்தது. பாதிரியார் அதற்கு விளக்கம் சொன்னதாகத் தகவல் இல்லை. பெயரைச் சுமந்தவள் மட்டும், யாரையோ தடுக்க வந்து தடுக்க முடியாமல் போனவளைப்போல, வீட்டில் ஓர் ஓரமாக வளர்ந்தாள்.

பதினான்கு வயதில் காலுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். ஜோடி சேர்த்து, டஜன் டஜனாக எண்ணிக் கட்டுவது வேலை. இருபத்து மூன்று ஆண்டுகள் எண்ணினாள். ஒருநாள் முதலாளி இயந்திரங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, கூலி குறைவாக இருந்த எல்லைக்கு அப்பால் போய்விட்டார். அதன்பிறகு அடுக்குமாடிக் கட்டடங்களில் படி கழுவினாள். கணவன் ஆர்கிரிஸ் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி முதுகைக் கெடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றவன். மகன் ஃபோதிஸ் ஜெர்மனியில் குளிரூட்டும் பெட்டி பழுதுபார்க்கிறான். வீடு ஆர்கிரிஸின் தாத்தா காலத்தது. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து அகதிகளாக உயிரை மட்டும் கொண்டுவந்தவர்களுக்காகக் கட்டிய நியா பெர்காமா பேட்டையில், அரெத்தூசா தெருவில், மாடியும் பால்கனியுமாக ஒரு சிறிய வீடு. பால்கனிக்கு நேராகக் கசப்பு நாரத்தை மரங்கள். ஏப்ரலில் தெரு முழுக்க அந்தப் பூவாசனை. எவ்வளவு கோபக்காரனும் அந்த ஒரு மாதம் கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேசுவான்.

ஸ்தமாத்தியாவுக்கு ஐம்பத்து நான்கு வயதானபோது வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. தலைநகரிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனம் வந்திருக்கிறது, சாலைகளில் வண்டி எண்ண ஆள் வேண்டும் என்றார்கள். அவள் போனாள்.

அவளை நிறுத்திய இடம் அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அரெத்தூசா தெருமுனை. யாசோனாஸ் என்ற இளம் பொறியாளன் ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் குடையும் கையில் அடங்கும் ஓர் எண்ணியும் கொடுத்தான். கட்டைவிரலால் ஒருமுறை அமுக்கினால் ஓர் எண் கூடும். காலுறைத் தொழிற்சாலையின் விரலுக்கு அது விளையாட்டுச் சாமான்.

"தம்பி, இன்னிக்குப் புதன்கிழமை" என்றாள் அவள்.

"தெரியும்மா. நடுவாரத்துல எண்ணினாதான் கணக்கு சரியா வரும். திங்களும் வெள்ளியும் கூடாது. சனி, ஞாயிறு கூடவே கூடாது."

"அதில்லை தம்பி. சந்தை."

"சந்தை சனிக்கிழமைதானே?"

"உங்க பேட்டையில சனிக்கிழமையா இருக்கும். இங்க புதன்."

இந்த நாட்டில் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு சந்தைக் கிழமை உண்டு. அன்று ஒரு தெருவை முழுதாக அடைத்துக் காய்கறிக் கடைகள் போடுவார்கள். பிள்ளையின் ஞானஸ்நான நாள் மறந்தாலும் சந்தைக் கிழமை யாருக்கும் மறக்காது. அதனாலேயே, தன் வீட்டுக் கிழமைதான் ஊருலகத்துக்கெல்லாம் கிழமை என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டிருப்பான். யாசோனாஸும் அப்படித்தான் நினைத்திருந்தான். நியா பெர்காமாவில் சந்தை கூடுவது பக்கத்து ஸ்மிர்னா தெருவில். அது அடைபட்டதும் ஊரின் வண்டிகளெல்லாம் அரெத்தூசா தெருவுக்குள் திரும்பும்.

பையன் முகம் லேசாக மாறியது. ஒதுங்கிப் போய்க் கைப்பேசியில் பேசினான். திரும்பி வந்து, "பரவாயில்லையாம். சந்தை அடுத்த தெருவுல. நாம எண்ணுறது இந்தத் தெரு. ஆரம்பிங்கம்மா" என்றான்.

படித்த பையன், அவனுக்கு மேலே இன்னும் படித்தவர்கள். ஸ்தமாத்தியா கட்டைவிரலை வைத்தாள்.

ஒன்பது மணிக்கெல்லாம் தெரு கொதித்தது. நின்ற இடத்தில் ஹாரன் அடிக்கும் கார்கள், தக்காளி ஏற்றிய வேன்கள், நிறுத்த இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வருபவர்கள். கொழுந்தன் ப்ரோத்ரமோஸ் தன் மஞ்சள் நிறச் சிறுலாரியில் ஆரஞ்சுப் பெட்டிகளோடு வந்தான். கடை போட்டாகிவிட்டது, வண்டி நிறுத்தத்தான் இடம் இல்லை.

"அண்ணி! எப்போ போலீஸ்ல சேர்ந்தீங்க?"

அமுக்கினாள். அவன் போனான். சற்று நேரத்தில் மறுபடி வந்தான். அமுக்கினாள். மூன்றாவது சுற்றில் தலையை வெளியே நீட்டினான்.

"என்னையவா எண்ணுறீங்க? அதான் ஏற்கெனவே எண்ணியாச்சே!"

"தாண்டுற ஒவ்வொரு தடவையும் எண்ணணும்னு உத்தரவு."

"அப்போ நான் மூணு ஆளா?"

"சாப்பாட்டுல எப்பவுமே மூணு ஆளுதானே நீ. போ, பின்னால வழி விடு."

மாலையில் யாசோனாஸ் அவள் கணக்கைப் பார்த்தான். மணிக்கு மணி, காருக்குத் தனி, லாரிக்குத் தனி, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. "அருமைம்மா" என்றான். நாற்பது ஆண்டு வேலை பார்த்ததில் அவளிடம் யாரும் சொல்லாத சொல். அன்று இரவு ஆர்கிரிஸிடம் அதை இரண்டு தடவை சொன்னாள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, மார்ச் மாதத்தில், பள்ளிக்கூடச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. துறைமுகத்திலிருந்து புறவழிச்சாலைக்கு நகரத்தின் நடுவே நான்கு தடப் பறக்கும் சாலை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயார். பொதுமக்கள் குறிப்பிட்ட நாளுக்குள் கருத்துச் சொல்லலாம். சுவரில் மளிகைக்கடைத் தள்ளுபடிச் சீட்டுக்கும் காணாமல்போன பூனையின் படத்துக்கும் நடுவில் அது இருந்தது. பூனையைத்தான் நிறையப் பேர் நின்று பார்த்தார்கள்.

அறிக்கையை இணையத்தில் தேடி எடுத்துப் படித்தவன் ஜெர்மனியில் இருக்கும் ஃபோதிஸ். கைப்பேசித் திரையில் அவன் முகம் சரியில்லை.

"அம்மா, அது நம்ம தெரு மேலதான் போகுது. நம்ம பால்கனிக்கும் அதுக்கும் நாலு மீட்டர். மாடி உயரத்துல."

"மரம்?"

"'சூழலியல் முக்கியத்துவம் இல்லாத அலங்கார மரங்கள், இடம் மாற்றப்படும்'னு போட்டிருக்கு."

"வேற வழியே இல்லையாமா?" என்றான் ஆர்கிரிஸ்.

"ஒண்ணும் கட்டாம இப்படியே விட்டா என்ன ஆகும்னு ஒரு பத்தி இருக்குப்பா. எல்லா அறிக்கையிலயும் அது இருக்கணும், சட்டம். இதுல ஒரே பத்தியில முடிச்சிட்டாங்க. அரெத்தூசா தெருவுல சாதாரண நாள்லயே பதினாறாயிரம் வண்டி போகுது, தெரு இப்பவே தாங்கல, அதனால சும்மா விட முடியாதுன்னு. அதோட, வண்டியெல்லாம் மேல ஏறிட்டா கீழ காத்து சுத்தமாகுமாம், சத்தமும் குறையுமாம்."

"பதினாறாயிரமா? எவன் எண்ணினான்?"

ஸ்தமாத்தியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான்."

அந்த ஒரு சொல்லில் பெருமை இருந்தது. மறைத்துப் பயனில்லை, இருந்தது. தான் எண்ணிய எண் அச்சில் ஏறியிருக்கிறது.

ஆர்கிரிஸ் அவளையே பார்த்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். பிறகு காப்பிக்கடைக்குப் போனான். நல்ல வேடிக்கை ஒன்று கையில் இருந்தால் அவனால் அதைப் பூட்டி வைக்க முடியாது. மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் அவள் ரொட்டிக்கடைக்குப் போனாள். நுழைந்ததும் ஒரு குரல்: "வழி விடுங்கப்பா, பாலம் கட்டுற அம்மா வந்துட்டாங்க."

இன்னொரு குரல்: "ஏன் ஸ்தமாத்தியா, கொஞ்சம் குறைச்சு எண்ணியிருக்கக் கூடாதா? கை வலிச்சிருக்குமே."

"நான் எண்ணினது சரி. ஒரு வண்டி கூடவும் இல்லை, ஒரு வண்டி குறையவும் இல்லை" என்றாள் அவள்.

அதுதான் அவள் பதில். எல்லாரிடமும் அதையே சொன்னாள். சாலையைத் திட்டமிட்டவர், அனுமதி கேட்டவர், ஒரே பத்தியில் ஒரு தெருவைத் தீர்த்தவர், இவர்கள் யாரும் ரொட்டி வாங்க நியா பெர்காமாவுக்கு வருவதில்லை. வந்தவள் இவள். பழியும் இவளுக்கே. பழி போடுவதற்கு மனிதர்கள் கைக்கெட்டும் ஆளைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிகாரம் உயரமான இடத்தில் உட்கார்ந்திருப்பதில் இது ஒரு வசதி.

கீழ்வீட்டு எவ்லாம்பியா மட்டும் பழைய சிநேகிதத்தோடு வந்தாள். காப்பிக் கோப்பையின் வண்டலைப் பார்த்துக் குறி சொல்கிறவள். ஸ்தமாத்தியா குடித்து முடித்த கோப்பையைக் கவிழ்த்து, நிமிர்த்து, வெளிச்சத்தில் பிடித்து, பழக்க தோஷத்தில் சொன்னாள்:

"ரோடு தெரியுது ஸ்தமாத்தியா. நல்ல அகலமான ரோடு. தடையே இல்லை."

சொல்லிவிட்டு விழித்தாள். எழுந்து போய்க் கோப்பையைத் தானே கழுவி வைத்தாள். "அது வேற ரோடா இருக்கும்" என்றாள்.

அவள் யோசனைப்படி பங்குக் கோயிலின் புனிதப் படத்தைத் தெருவில் ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். மெழுகுவர்த்தி, சாம்பிராணி, பாட்டு. கருத்துச் சொல்லக் கொடுத்த நாட்களில் ஒரு வாரம் இந்த ஏற்பாட்டிலேயே போனது. ஊர்வலத்தில் முந்நூறு பேர் நடந்தார்கள். அந்த வாரம் எழுத்தில் கருத்து அனுப்பியவர் ஒருவர், அவரும் ஜெர்மனியில் இருந்தார். படம் பாலம் வரவிருக்கும் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குத் திரும்பியது. அறிக்கையில் ஒரு காற்புள்ளி கூட மாறவில்லை.

ஒரு புதன்கிழமை சந்தை முடிந்து ப்ரோத்ரமோஸ் சாப்பிட வந்தான். வறுத்த நெத்திலி, ஊறவைத்த ஆலிவ், திராட்சைச் சாராயம் ஒரு சின்னக் குப்பி. இரண்டாவது கோப்பையில் அவனுக்கு நினைவு வந்தது.

"அண்ணி, அந்தப் பதினாறாயிரத்துல நான் எத்தனை?"

"ஆறு."

"ஆறா! அண்ணே, கேட்டியா, எனக்கே ஆறு வண்டி. ஆறு ப்ரோத்ரமோஸ் போறதுக்காண்ணே உன் வீட்டு மேல பாலம் போடுறாங்க?"

ஆர்கிரிஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"நீ ஆறு தடவை தாண்டினே. நான் ஆறு தடவை அமுக்கினேன். எண்ணினது சரி."

"யார் தப்புன்னா? சரிதான் அண்ணி. ஆனா நாளைக்கு வியாழக்கிழமை. நான் வேற பேட்டையில இருப்பேன். நாளைக்கு இந்த ஆறு பேரை எங்க போய்த் தேடுவீங்க?"

அவள் கையில் எடுத்த நெத்திலியை வாயில் போடாமல் தட்டிலேயே வைத்தாள்.

மறுநாள் காலை படி கழுவப் போகுமுன் பால்கனியில் உட்கார்ந்தாள். கட்டைவிரல் தானாக அசைந்தது. ஒரு கார். ஒரு பால் வேன். நீண்ட நேரம் ஒன்றுமில்லை. ஒரு ஸ்கூட்டர். தெரு நடுவில் ஒரு பூனை மல்லாந்து படுத்தது, யாரும் அதை எழுப்ப வேண்டியிருக்கவில்லை. சுவரில் காணாமல்போனதாக ஒட்டப்பட்டிருந்த பூனையாகவும் இருக்கலாம்.

ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு விளங்கிய விஷயம் இதுதான்: எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம், அதை வைத்துச் சொல்வது பொய்யாக இருக்கலாம். அவள் எண்ணியது புதன்கிழமையை. அவர்கள் அதற்குச் 'சாதாரண நாள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைப்பதால் எதுவும் மாறாது என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்?

வட்டாரச் சுற்றுச்சூழல் குழுவின் கருத்துக்கேட்புக் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. குழு தன் வசதிக்கு ஒரு நாளைத் தேர்ந்தெடுத்திருந்தது. காலை பத்து மணி, புதன்கிழமை.

பத்தேகால் ஆயிற்று, பத்தரை ஆயிற்று, குழுவைக் காணவில்லை. ஆலோசனை நிறுவனத்தார் முன்வரிசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் யாசோனாஸ். பதினொன்றை நெருங்கும்போது குழுவின் தலைவி ரொதாந்தி வேகமாக உள்ளே வந்தார். வழக்கறிஞர், அறுபது வயது, வியர்த்த நெற்றி. நெரிசலில் நின்ற வேனை விட்டு இறங்கி நடந்தே வந்திருக்கிறார் என்பது செருப்புகளில் ஒட்டியிருந்த கீரைத்தழையில் தெரிந்தது. நாற்காலியில் உட்காருமுன்பே பேசினார்.

"இந்தத் தெருவுல நாப்பது நிமிஷம் மாட்டிக்கிட்டேன். நாப்பது நிமிஷம்! சாலை வேண்டாம்னு சொல்ல வந்திருக்கீங்க. இதைவிட என்ன ஆதாரம் வேணும் உங்களுக்கு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னேறி வந்தது. தலைவியின் முகம் சிவந்தது.

"என்ன வேடிக்கை?"

ஸ்தமாத்தியா எழுந்தாள். என்ன பேசுவது என்று மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தது அத்தனையும் மறந்துபோயிருந்தது.

"நாளைக்கு வாங்கம்மா" என்றாள்.

"நீங்க யாரு?"

"இந்தத் தெருக்காரி. அறிக்கையில இருக்கிற வண்டியையெல்லாம் எண்ணினவ. அன்னிக்கும் புதன்கிழமைதான். நீங்க மாட்டின மாதிரிதான் அன்னிக்கு எல்லாரும் மாட்டினாங்க. பக்கத்துத் தெருவுல சந்தை. நாளைக்கு இதே நேரம் வந்து பாருங்க."

நிறுவனத்தின் மூத்தவர் எழுந்தார். கணக்கெடுப்பு விதிமுறைப்படி நடுவாரத்தில் நடந்தது, எண்ணியவரின் அபிப்பிராயம் ஆய்வின் பகுதி ஆகாது என்றார். அழகான குரல்.

"சந்தை நாள்னு தெரிஞ்சா எண்ணினீங்க?" என்று தலைவி கேட்டார்.

"அப்படி எந்தத் தகவலும் எங்களுக்கு வரவில்லை."

"வந்துச்சு" என்றது ஓரத்திலிருந்து ஒரு குரல். யாசோனாஸ் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே, தன் முழங்காலைப் பார்த்தபடி சொன்னான். "அந்த அம்மா காலையிலேயே சொன்னாங்க. நான் போன் பண்ணிக் கேட்டேன். தொடரச் சொன்னீங்க."

மூத்தவர் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவனுடைய அடுத்த மாதச் சம்பளம் எரிந்துபோனது.

தலைவி தன் நாட்குறிப்பைப் புரட்டினார். "நாளைக்கு எனக்கு வேற வேலை இருக்கு" என்றார்.

"எங்களுக்கும் இன்னிக்கு இருந்துச்சும்மா" என்றாள் ஸ்தமாத்தியா.

தலைவி வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாலையில் ஆர்கிரிஸ் வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். ரொட்டிக்கடையில் கிண்டல் செய்தவர்களும் இருந்தார்கள். ப்ரோத்ரமோஸ் திட்டம் சொன்னான்.

"ரொம்ப சுலபம். நாளைக்கு மதியம் வரைக்கும் யாரும் வண்டியை எடுக்க வேண்டாம். இருக்கிறதையும் இன்னிக்கே மலைப்பக்கம் கொண்டுபோய் விட்டுடுவோம். அந்த அம்மா வந்து பார்த்தா தெரு துடைச்சு வெச்ச மாதிரி இருக்கும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஸ்தமாத்தியா மாடிப்படியிலிருந்து சொன்னாள்:

"கூடாது."

"ஏன் அண்ணி?"

"அவங்க பண்ணினதையே நாமளும் பண்றதுக்கா இவ்வளவு சத்தம் போட்டோம்? எடுக்கிறவன் எடுக்கட்டும். நிறுத்துறவன் நிறுத்தட்டும். ஒருத்தனும் எதையும் மாத்தக் கூடாது."

"நாளைக்குன்னு பார்த்து நாலு லாரி வந்து நின்னா?" என்றான் ஆர்கிரிஸ். "வீடு போயிடும்டி. உன் சரியான கணக்கை வெச்சுக்கிட்டு நாலு மீட்டர் தள்ளி லாரிக்காரன் முகத்தைப் பார்த்துக்கிட்டே காப்பி குடிக்க வேண்டியதுதான்."

"வந்தா எண்ணுவேன்."

ஆர்கிரிஸ் கதவை அறைந்து உள்ளே போனான். அவன் பயம் நியாயமானது. உண்மைக்கு ஒரு காலை நேரத்தைக் கொடுத்துப் பார்க்கிறவர்கள் தோற்கவும் கூடும். அதைத் தெரிந்துகொண்டு கொடுப்பதற்குத்தான் நேர்மை என்று பெயர்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஒரு குப்பை லாரி வந்து தெரு நடுவில் நின்றது. அதன் பின்னால் மூன்று கார்கள் ஹாரன் அடித்தன. ஆர்கிரிஸ் பால்கனியிலிருந்து மனைவியைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் லாரி நகர்ந்தது. பத்து மணிக்கு நகரப் பேருந்திலிருந்து ரொதாந்தி இறங்கினார். தனியாக வந்திருந்தார், கூடவே குழுவில் யாரும் இல்லை.

கீழே வாசலில் இரண்டு முக்காலிகள் போடப்பட்டிருந்தன. எண்ணி என்னும் கருவியை நிறுவனம் அன்றே வாங்கிக்கொண்டு போய்விட்டதால், ஸ்தமாத்தியா இரண்டு கிண்ணங்கள் வைத்திருந்தாள். ஒன்றில் வறுத்த கொண்டைக்கடலை. ஒரு வண்டி போனால் ஒரு கடலையைக் காலிக் கிண்ணத்தில் போட வேண்டும்.

"நீங்களே போடுங்கம்மா. நான் போட்டா என் கணக்குன்னு சொல்லுவாங்க."

ரொதாந்தி போட்டார். ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று. நாரத்தைப் பூ உதிர்ந்து கிண்ணத்தில் விழுந்தது. வெயில் இதமாக இருந்தது. தெருவில் வெகுநேரம் எதுவும் வரவில்லை. தலைவியின் கை தன்போக்கில் எண்ணிப் போட்ட கிண்ணத்துக்குப் போய், இரண்டு கடலையை எடுத்து வாயில் போட்டது.

"அம்மா" என்றாள் ஸ்தமாத்தியா. "ரெண்டு வண்டியைச் சாப்பிட்டுட்டீங்க."

ரொதாந்தி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். பிறகு முதல் முறையாகச் சிரித்தார். சரியான கிண்ணத்தில் இரண்டு கடலை திருப்பி வைக்கப்பட்டது.

பதினொரு மணிக்குக் கிண்ணத்தின் அடி இன்னும் முழுதாக மறையவில்லை. ரொதாந்தி எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லிடறேன். நீங்க காட்ட நினைச்சதை நான் பார்த்துட்டேன். ஆனா ஒரு மணி நேரம் முக்காலியில உட்கார்ந்து பார்த்ததை வெச்சு நான் முடிவு எடுக்க முடியாது. அது ஆதாரம் ஆகாது."

"நானும் அதைத்தாம்மா சொல்றேன்" என்றாள் ஸ்தமாத்தியா. "ஒரு மணி நேரம் பார்த்தது ஆதாரம் ஆகாது. ஒரே ஒரு நாள் பார்த்தது மட்டும் எப்படி ஆகும்?"

ரொதாந்தி கடலைக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தார். பேருந்து வந்தது, ஏறிக்கொண்டார்.

குழுவின் கருத்து மே மாதம் வெளியானது. அறிக்கை போதாது. வெவ்வேறு மாதங்களில், வாரத்தின் ஏழு நாட்களும் மறுபடி எண்ண வேண்டும். 'எதுவும் கட்டாமல் விடுவது' என்ற வழியை ஒரே பத்தியில் தள்ளிவிடக் கூடாது, உண்மையாகவே ஆராய வேண்டும். குழுவின் கருத்து அமைச்சகத்தைக் கட்டுப்படுத்தாது, அது வெறும் ஆலோசனை என்று கடைசியில் சிறிய எழுத்தில் இருந்தது. சட்டத்தை எழுதுகிறவர்கள் மக்களின் குரலுக்கு எப்போதும் சிறிய எழுத்தில்தான் இடம் ஒதுக்குகிறார்கள். என்றாலும் குறையைப் பொது இடத்தில், பெயர் சொல்லி, எழுத்தில் வைத்தபிறகு அதைத் தாண்டிக் கையெழுத்துப் போட அமைச்சகத்துக்குத் துணிவு வரவில்லை. அறிக்கை திருப்பி அனுப்பப்பட்டது.

மறு எண்ணிக்கைக்கு ஸ்தமாத்தியாவைக் கூப்பிடவில்லை. அவள் தெருக்காரி, அவளுக்கு இதில் லாப நஷ்டம் உண்டு என்றார்கள். பாலம் கட்டினால் லாபம் அடையப் போகிறவர்கள் அறிக்கை எழுதுவதில் மட்டும் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வேற்றூர்ப் பையன்கள் வந்து எண்ணினார்கள். முடிவு வந்தபோது ஃபோதிஸ் படித்துச் சொன்னான். மற்ற நாட்களில் ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. புதன்கிழமையில் மட்டும் பதினாறாயிரத்தை ஒட்டி.

"பார்த்தியா" என்றாள் அவள் ஆர்கிரிஸிடம். "நான் எண்ணினது சரி."

"சரிதாண்டி, சரிதான்" என்றான் ஆர்கிரிஸ். ஐந்து பெண் பெற்ற வீட்டிலிருந்து வந்தவளிடம் வாதம் செய்து ஜெயிக்க முடியாது என்பது அவன் எப்போதோ கண்ட முடிவு.

யாசோனாஸ் அந்த நிறுவனத்தில் இப்போது இல்லை. பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறானாம். எவ்லாம்பியா இதெல்லாம் புனிதரின் அருள் என்று சொல்லிவருகிறாள். புனிதர் மறுக்கவில்லை. ஸ்தமாத்தியா பழையபடி படி கழுவுகிறாள். புதன்கிழமைகளில் மஞ்சள் லாரி பால்கனிக்குக் கீழே சுற்றிச் சுற்றி வருகிறது. ஏப்ரலில் நாரத்தை பூக்கிறது. வரைபடத்தில் சிவப்புக் கோடாக இருந்த சாலை இப்போது புள்ளிக்கோடாக இருக்கிறது. அழிக்கப்படவில்லை. புள்ளிகளைச் சேர்த்து மறுபடி கோடாக்க ஒரு பேனா போதும்.

உங்கள் ஊரிலும் ஒருநாள் சுவரில் இப்படி ஓர் அறிவிப்பு ஒட்டப்படும். ஒருவேளை இப்போதே ஒட்டப்பட்டிருக்கும், நீங்கள் பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டு போயிருப்பீர்கள். திரும்பிப் போய்ப் படியுங்கள். எண்ணிய கூலிக்காரியைத் திட்டாதீர்கள், படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகாதீர்கள். அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கூட்டத்துக்குப் போங்கள், எழுந்து நில்லுங்கள், எந்தக் கிழமையில் எண்ணினீர்கள் என்று கேளுங்கள். அதற்கு முன்னால், நாளைக் காலையிலேயே, வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து எண்ணத் தொடங்குங்கள். கடலையை மட்டும் தின்றுவிடாதீர்கள்.